நோன்பும் மருந்தும்: சுவாமி சமந்தபத்திரர் வரலாறு

போளூரை அடுத்த திருமலையில் குந்தவை சினாலயத்தையும், பாறையில் செதுக்கப்பெற்று ஓங்கி நிற்கும் நேமிநாத பகவானையும் வணங்கிய சிராவகர்கள், மேலும் படியேறிச் சென்று அங்குள்ள ஆசாரியர்களின் திருவடிச் சுவடுகளுக்கு மலரிட்டு வழிபடுவது வழக்கம். அச்சுவடுகளுள் ஒன்று சுவாமி சமந்தபத்திரருடையது என்று வழிவழியாகப் போற்றப்படுகிறது. அங்கிருந்து மேற்கே நோக்கினால் சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கும். நெல்லிவாசல்நாடு முதலான மலைநாட்டு ஊர்கள் அத்தொடரின் மேல் அமைந்துள்ளன. தொண்டை மண்டலத்தின் குன்றுகளும் குகைகளும் ஒரு காலத்தில் திகம்பர முனிவர்களின் தவநிலங்களாக விளங்கின. அத்தகைய தவ வாழ்வில் நின்ற ஒருவரைக் கொடிய நோய் ஒன்று பற்றி, அவருடைய நோன்பையே நடுவில் நிறுத்தி வைத்த வரலாறுதான் சமந்தபத்திரரின் வரலாறு.

அவர் பெயரைச் சொன்னவுடன் காஞ்சிக் கோயிலில் சந்திரப்பிரப பகவானின் திருவுருவம் தோன்றிய அற்புதமே பலர் நினைவிற்கு வரும். அதற்கு முன்னே நிகழ்ந்த ஒன்றை, குரு ஒருவர் தம் மாணாக்கரின் விண்ணப்பத்தை மறுத்த நிகழ்ச்சியை, கதை சொல்வோர் இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடுவர். அவர் வாழ்வும் நூல்களும் திரும்பிய இடம் அதுவேயாகும்.

ஆசாரியரின் பிறப்பைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் மிகச் சில. சிரவணபெளகொளாவில் கிடைத்த ஆப்தமீமாம்சை ஏட்டுப்படி ஒன்றின் இறுதிக் குறிப்பு, பணிமண்டலத்துக்கு அணியாய் விளங்கிய உரகபுரத்து அரசனின் மைந்தர் என்று அவரைக் கூறுகிறது. உரகபுரம் என்பது சோழர்களின் உறையூரே என்று கருதுவோர் பலர். சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தனின் 674ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேடுகள் உரகபுரத்தைக் காவிரியின் தென்கரையில் வைத்துக் கூறுவது அக்கருத்துக்கு வலுவூட்டும். துறவுக்கு முன் அவருக்குச் சாந்திவர்மர் என்ற பெயர் இருந்தது என்பதை அவருடைய ஸ்துதிவித்தையின் இறுதிச் சித்திரகவியில் மறைந்துள்ள எழுத்துகளிலிருந்து அறிஞர் எடுத்துக் காட்டுவர். காலத்தைப் பொறுத்தவரை, மரபு அவரைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைக்கும். ஆராய்ச்சியாளர் சிலர் இன்னும் பின்னே கொண்டுவருவர். பூஜ்யபாதர் தம் சைனேந்திர வியாகரணத்தில் சமந்தபத்திரரைப் பெயர் சுட்டிக் குறிப்பதால் அவருக்கு முற்பட்டவர் என்பது தெளிவு.

அரச குடும்பத்தை விட்டு நீங்கித் திகம்பரத் துறவு மேற்கொண்ட இளைஞர், ஐம்பெரு விரதங்களையும் முனிவர்க்குரிய பிற நியமங்களையும் சிறிதும் வழுவாது காத்தார். முனிவரின் உணவு முறை நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, இரு கைகளைக் கலமாக ஏந்தி, சிராவகர் அளித்ததை அளவோடு உண்ணுதல். இடையில் அந்தராயம் ஒன்று நேர்ந்தால் அன்றைய உணவு அத்துடன் முடிந்தது. நீரும் அவ்வொரு வேளையோடு சரி. உடல் என்பது அறம் செய்வதற்குரிய கருவி. கருவி இயங்கும் அளவுக்கு மட்டுமே அதற்கு எண்ணெய் இடப்படும். இந்த ஒழுங்கில் பல ஆண்டுகள் நின்ற சமந்தபத்திரரைத்தான் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்நோய் அறிமுகமானதே. மணிமேகலையில் வரும் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற யானைத்தீ என்னும் தீராப் பசியும் இவ்வகைப்பட்டதே. ஆயுர்வேத நூல்கள் இதன் இயல்பை விளக்கும். உடலில் கபம் குறைந்து, பித்தம் மிகுந்து, வாதம் அதனை ஊதிவிடும்போது வயிற்றுத்தீ அளவு கடந்து மூளும். உண்ட சோற்றை அது விரைவில் எரித்துச் சாம்பலாக்கும். பஸ்மம் என்றால் சாம்பல். எரிக்க உணவு இல்லாதபோது உடலின் தாதுக்களையே எரிக்கத் தொடங்கும். உண்டவுடன் சற்று அடங்கிச் செரித்தவுடன் மீண்டும் மூளும். தாகமும் எரிச்சலும் மயக்கமும் உடன் வரும்.

இதற்குச் சரகர் முதலியோர் வகுத்த மருத்துவம் வியப்பாக இருக்கும். பட்டினி போடுதல் இங்கே உதவாது. நெய்ப்பசையுள்ளதும் இனியதும் குளிர்ந்ததும் எளிதில் செரிக்காததுமான உணவை, பாயசத்தையும் எருமைப்பாலையும் போன்றவற்றை, முன் உண்டது செரிக்கும் முன்னரே அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். நெருப்புக்கு எரிக்க முடியாத அளவு கட்டை போட்டு அதைத் தணிப்பது போன்றது அது. மருத்துவம் இவ்வளவு எளிதாக இருந்தும் அதை ஏற்க முடியாத நிலையில் நோயாளி இருந்தார். பாயசமும் நெய்யும் கேட்டுப் பெறுவது முனிவர்க்கு ஆகாது. இரண்டாம் வேளை உண்பது ஆகாது. நோய் மிகுந்தது, விரதம் தளரவில்லை, உடல் மட்டும் நாள்தோறும் கரைந்தது. இராஜாவளி கதை இந்நிகழ்ச்சியை மணுவகஹள்ளி என்னும் ஊரில் வைத்துச் சொல்கிறது.

நோயைப் பரீஷகமாக ஏற்றுப் பொறுத்தார் சமந்தபத்திரர். பசி, தாகம் முதலிய இருபத்திரண்டு பரீஷகங்களை வெல்வது முனிவரின் கடமை. ஆனால் பரீஷகத்தைப் பொறுப்பவர் மனம் அமைதியில் நிற்க வேண்டும். தீயோ சாமாயிகத்தில் அமர விடவில்லை. தியானத்தில் நிற்க விடவில்லை. நூலில் மனம் வைக்க விடவில்லை. விரதத்தின் வடிவம் எஞ்சியிருக்க, அது எதற்காக மேற்கொள்ளப்பட்டதோ அப்பயன் கைநழுவிக்கொண்டிருந்தது. இந்நிலையில் விரதத்தை முறிப்பதைவிட உடலை விடுவதே மேல் என்று துணிந்து, தம் குருவின் திருமுன் சென்று, சல்லேகனை மேற்கொள்ள அனுமதி வேண்டினார்.

அக்கால மனநிலையில் இது குற்றமற்ற வேண்டுகோள். வீரம் நிறைந்த வேண்டுகோள் என்றும் சொல்லலாம். சாகும்வரை உண்ணாதிருந்து புகழோடு உடல் துறந்தோர்க்கு நிசீதிகை எழுப்பி வணங்கிய நாடு இது. குரு இணங்கியிருந்தால் சமந்தபத்திரரின் பெயரும் ஏதேனும் ஒரு பாறையில் பொறிக்கப்பட்டு, அத்துடன் முடிந்திருக்கும்.

குரு மறுத்தார். மாணாக்கருக்கு ஆயுள் இன்னும் உண்டு என்பதையும், அவரால் சினநெறிக்குப் பெருநன்மை விளைய இருப்பதையும் தம் ஞானத்தால் அவர் அறிந்தார் என்று கதை கூறும். முனிக்கோலத்தை நீக்கிவிட்டு, எங்கே எவ்வகையில் போதிய உணவு கிடைக்குமோ அங்கே சென்று நோயைத் தீர்த்துக்கொள்ளவும், தீர்ந்தபின் திரும்பி வந்து முறைப்படி மீண்டும் தீட்சை பெறவும் கட்டளையிட்டார். இந்தக் கட்டளையின் கடுமையைச் சற்று நின்று எண்ண வேண்டும். உண்ணாமல் இறக்கத் துணிந்த ஒருவருக்கு, உண்டு பிழைக்கும்படி ஆணை. விரதத்தை உயிரினும் பெரிதாக மதித்தவருக்கு, அதைத் தானே இறக்கி வைக்கும்படி ஆணை. முனிவராக இருந்துகொண்டே மறைவில் நெய்யுண்ண அவருக்கு இடம் தரப்படவில்லை, அது பொய்யாகியிருக்கும். கோலத்தை நீக்கு, மருந்தை உண், பிறகு வா என்ற வரிசையில் நேர்மை இருந்தது. தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்துவதற்கும் குரு வேண்டியிருக்கிறது. நோயுற்றவர் தாமே அம்முடிவை எடுத்திருந்தால் அது அவர் மனத்தை வாழ்நாள் முழுவதும் அரித்திருக்கும்.

சமந்தபத்திரர் கண்ணீரோடு பணிந்தார். பிறந்த மேனியில் நின்றவர் உடம்பில் சாம்பல் பூசி, ஆடை புனைந்து புறப்பட்டார்.

அதன்பின் அவர் எங்கெங்கே சென்றார் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. பிரபாசந்திரரின் கதாகோசம் அவரை வடக்கே அழைத்துச் செல்கிறது. காஞ்சியில் திகம்பரராக இருந்தவர், புண்டர நாட்டில் பௌத்த பிக்குவின் கோலத்திலும், தசபுரத்தில் இனிய உணவு பெறும் பரிவிராசகராகவும், வாரணாசியில் வெண்ணீறு அணிந்த சைவத் தவசியாகவும் இருந்ததாக அது சொல்லும். ஒவ்வொரு கோலமும் உணவைத் தேடி எடுத்த கோலம். வாரணாசியை அடையும்வரை ஓரிடத்தும் போதிய உணவு கிட்டவில்லை. கன்னட நூலாகிய இராஜாவளி கதையோ அவரை நேரே காஞ்சிக்குக் கொண்டுவந்து சிவகோடி மன்னனின் பீமலிங்கக் கோயிலில் சேர்க்கிறது. தமிழ்நாட்டுச் சமணர் வழங்கும் கதை இதுவே.

அக்கோயிலில் நாள்தோறும் இறைவனுக்குப் பன்னிரண்டு கண்டுக அரிசி சமைத்துப் படைக்கப்பட்டது. அவ்வளவையும் இறைவனே உண்ணும்படி செய்வேன் என்று மன்னனிடம் கூறி, கருவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நெய்யும் பாலும் கலந்த அந்நிவேதனம் முழுவதையும் சமந்தபத்திரர் தாமே உண்டார். முதல் நாள் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை. மன்னன் வியந்தான். அடுத்த நாள் சிறிது மிஞ்சியது. அதற்கடுத்த நாள் இன்னும் சற்று மிஞ்சியது. உள்ளே தீ தணியத் தணிய வெளியே சோறு மிஞ்சியது. நோய் குணமாவதை நாடியிலோ நாக்கிலோ பார்ப்பது உண்டு. இங்கே பாத்திரத்தின் அடியில் தங்கிய சோறு அதைக் காட்டியது. ஊரார் கண்ணுக்கு அது இறைவனின் அருள் குறைவதாகத் தோன்ற, அவருக்கோ நாள்தோறும் விடுதலை நெருங்கியது. தேவைக்கு மேல் ஒரு கவளம்கூட அவர் எடுக்கவில்லை என்பதற்கும் அந்த மிச்சமே சான்று. சுவைக்காக உண்பவர் நோய் தீர்ந்தபின்னும் பாத்திரத்தை வழித்திருப்பார்.

மன்னனுக்கு ஐயம் எழுந்தது, உண்மை வெளிப்பட்டது. லிங்கத்தை வணங்குமாறு அவன் பணிக்க, சமந்தபத்திரர் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் வரிசையாகத் துதிக்கத் தொடங்கினார் என்றும், எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபரைத் துதிக்கையில் அங்கே அவருடைய திருவுருவம் தோன்றியது என்றும், சிவகோடியும் அவன் தம்பி சிவாயனனும் சினநெறி தழுவினர் என்றும் கதை முடியும். இப்பகுதியைச் சொல்லும்போது ஒரு சமயம் மற்றொன்றை வென்றதாகக் குரலை உயர்த்துவோர் உண்டு. அக்கோயிலின் சோறுதான் அவரைப் பிழைக்க வைத்தது என்பதையும் அவர்கள் உடன் சொல்வது நன்று. காஞ்சியின் ஒரு பகுதியாகிய சினகாஞ்சியில், திருப்பருத்திக்குன்றத்தில், பல்லவர் காலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் இருக்கிறது. அங்கு வழிபடச் செல்லும் நம் குடும்பத்தினர் இக்கதையை நினையாமல் திரும்புவதில்லை.

உடல் தேறியதும் அவர் செய்த முதற்காரியம் குருவைத் தேடிச் சென்றது. கழுவாய் ஏற்று, மீண்டும் தீட்சை பெற்று, பழைய ஒரு வேளை உணவுக்குத் திரும்பினார். அரசனின் மதிப்பும் கோயில் உணவும் நிலையாகக் கிடைக்கும் இடத்தை விட்டுப் பட்டினி வாழ்வுக்குத் திரும்புவது எளிதன்று. நோய்க்காகத் தளர்த்திய ஒழுங்கு நோய் தீர்ந்தபின்னும் தளர்ந்தே கிடப்பதை இல்லறத்தில் நாள்தோறும் காண்கிறோம். காய்ச்சலுக்காக விட்ட சாமாயிகம் காய்ச்சல் நீங்கி ஆறு மாதமாகியும் திரும்பாத வீடுகள் எத்தனை!

பின்னர் அவர் நாடெங்கும் சுற்றி வாதம் புரிந்தார். பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, தக்க நாடு, காஞ்சி, விதிசை, இறுதியில் கரஹாடகம் என ஊர்ப்பெயர்கள் சிரவணபெளகொளாக் கல்வெட்டில் வரிசையாக வருகின்றன. கரஹாடகம் இன்றைய மராட்டிய நாட்டின் கராட் நகரம். சென்ற ஊரிலெல்லாம் வாதமுரசை அறைந்து அறிஞரை அழைத்தார். வாதங்களின் விவரம் இங்கு வேண்டுவதில்லை. நோயினால் அவர் கற்றது அவர் நூல்களில் எவ்வாறு படிந்தது என்பதே பார்க்கத் தக்கது.

தேவாகம ஸ்தோத்திரம் என்றும் வழங்கும் ஆப்தமீமாம்சை 114 சுலோகங்களும் பத்துப் பரிச்சேதங்களும் உடையது. அகளங்கர் அதற்கு அஷ்டசதியும், வித்தியானந்தர் அஷ்டசஹஸ்ரியும் இயற்றினர். அநேகாந்தத்தைத் தருக்க நெறியில் நிறுவிய அந்நூலின் எட்டாம் பரிச்சேதம் ஊழையும் முயற்சியையும் எடுத்துக்கொள்கிறது. எல்லாம் ஊழால் ஆகும் என்றால் முயற்சி வீண், வீடுபேற்றுக்கும் வழியில்லை. எல்லாம் முயற்சியால் ஆகும் என்றால் முயன்றோர் அனைவரும் வென்றிருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே மறுத்துவிட்டு ஆசாரியர் ஓர் எல்லைக்கோடு இடுகிறார். நாம் கருதாமலே நமக்கு வந்து சேரும் நன்மை தீமைகளில் ஊழின் பங்கு முதன்மையானது. கருதிச் செய்ததில் விளைவனவற்றில் முயற்சியின் பங்கு முதன்மையானது. பஸ்மகம் அவர் கருதி வரவழைத்ததன்று. மருந்து தேடிப் போனதும், தீர்ந்தபின் திரும்பியதும் அவர் கருதிச் செய்தவை. இக்கோட்டை வரைந்தவர் இரு பக்கமும் நின்று பார்த்தவர்.

அடுத்த பரிச்சேதம் இன்னும் நுட்பமானது. தன்னை வருத்திக்கொள்வதே புண்ணியம், தனக்கு இன்பம் தருவதே பாவம் என்று ஒருவர் கொள்வாராயின், அது பொருந்தாது என்று அவர் காட்டுகிறார். அப்படியானால் பற்றற்ற முனிவரும் தம் தவத்தின் துன்பத்தாலும் ஞானத்தின் இன்பத்தாலும் வினையில் கட்டுண்பவராவார். வினையின் ஊற்றுக்குக் காரணம் துன்பமோ இன்பமோ அல்ல. அதனோடு மனத்தில் இருப்பது விசுத்தியா சங்கிலேசமா, தெளிவா கலக்கமா என்பதே காரணம். நோன்பு நோற்பவர் இதனை அடிக்கடி நினைக்கலாம். பட்டினியால் எரிச்சல் மிகுந்து வீட்டாரைக் கடிந்துகொண்டே முடிக்கும் உபவாசத்தில் வருத்தம் முழுதாக இருக்கிறது, தெளிவு இல்லை.

சுயம்பு ஸ்தோத்திரம் 143 சுலோகங்களில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதிப்பது. அதில் சுபார்சுவ பகவானைத் துதிக்கும் இடத்தில் ஆசாரியர் ஸ்வாஸ்தியம் என்ற சொல்லை ஆள்கிறார். உடல்நலம் என்று உலக வழக்கில் பொருள்படும் அச்சொல்லுக்குத் தன்னில் தான் நிற்றல் என்பதே வேர்ப்பொருள். அழியாத அந்த நிலையே உயிரின் உண்மைப் பயன் என்றும், அழியும் நுகர்ச்சி பயனாகாது என்றும் அவர் நிறுவுகிறார். உடல்நலத்தை அடியோடு இழந்து மீண்டவர் எடுத்தாண்ட சொல் என்பதால் அதற்குத் தனிக்கனம் உண்டு. குந்து பகவானின் துதியில், அப்பெருமான் கடும் புறத்தவம் ஆற்றியது அகத்தவம் வளர்வதற்காகவே என்ற கருத்தை வைக்கிறார். புறத்தவம் அகத்தவத்துக்கு வேலி. பயிரை நெருக்கி அழிக்குமாறு வேலி கட்டுபவர் இல்லை.

இல்லறத்தார்க்காக அவர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் 150 சுலோகங்களில் அடங்கிய சிறு நூல். தமிழ்ச் சமணருக்கு இதன் சாரம் அருங்கலச்செப்பு என்னும் குறள் வெண்பா நூலாக வாய்த்தது. இரத்தினம் அருங்கலம், கரண்டகம் செப்பு. பெயரே மொழிபெயர்ப்பு.

இந்நூலில் சல்லேகனைக்கு அவர் தரும் இலக்கணத்தைப் படிக்கும்போது குருவின் திருமுன் நின்ற அந்த இளமுனிவர் நினைவுக்கு வருவார். பேரிடர், பஞ்சம், முதுமை, நோய் என்று காரணங்களை அடுக்கும் ஆசாரியர், இவை மாற்று இல்லாதவையாக இருத்தல் வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார். மாற்று உள்ள நோய்க்கு உடலை விடுதல் அவ்விலக்கணத்துள் அடங்காது. அன்று அவர் கேட்டதும் குரு மறுத்ததும் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிட்டன. மேற்கொள்ளும் முறையிலும் திடீர்ப் பட்டினி இல்லை. பகையும் பற்றும் விட்டு, சுற்றத்தாரிடம் பொறுத்தல் வேண்டி, முதலில் திட உணவைக் குறைத்துப் பால் முதலியவற்றுக்கு வந்து, அதையும் குறைத்து நீர்த்த பானத்துக்கு வந்து, பின்னரே ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாமையை மேற்கொள்வது. ஆற்றலுக்கு ஏற்ப என்ற அளவுகோலை இறுதி நோன்பிலும் அவர் கைவிடவில்லை.

நாள்தோறும் செய்யும் சாமாயிகத்துக்கும் அவ்வாறே. கூந்தல் முடிச்சு, மூடிய கை, ஆடையின் முடிச்சு, அமர்ந்த இருக்கை ஆகியவற்றால் காலத்துக்கு எல்லை வகுத்துக்கொள்ளலாம். நின்றும் செய்யலாம், அமர்ந்தும் செய்யலாம். காட்டிலோ வீட்டிலோ சினாலயத்திலோ இடையூறு இல்லாத தனியிடம் போதும். முடிச்சு அவிழும் வரையில் உலகம் முழுவதையும் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் தளர்வு இல்லை. மனம், சொல், உடல் மூன்றின் தவறான போக்கையும், ஆர்வமின்மையையும், மறதியையும் இதன் குற்றங்களாக எண்ணுகிறார். முதுகு வளைந்ததையும் கால் மரத்ததையும் அவர் குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை! இன்று யோகப் பயிற்சி என்ற பெயரில் உடலை முறுக்கி மூச்சைப் பிடித்து வருந்துவோர் பலர். பதஞ்சலியும் இருக்கை உறுதியும் சுகமும் உடையதாய் இருக்க, முயற்சியைத் தளர்த்த வேண்டும் என்றே வகுத்தார். நம் காயோற்சர்க்கத்தின் பெயரே உடலை விட்டுவிடுதல் என்பது. நின்ற மேனியில் தசைகள் இறுகியிருந்தால் விட்டதாகாது. அதே நேரத்தில் உள்ளம் தூங்கியும் விடக்கூடாது. அட்டமி, சதுர்த்தசி நோன்பைச் சொல்லும்போது, உபவாசம் இருப்பவர் சோம்பலின்றி அறம் கேட்டும் கேட்பித்தும், ஞான தியானங்களில் ஈடுபட்டும் இருக்க வேண்டும் என்கிறார். பட்டினி கிடந்து பகல் முழுதும் உறங்குவதை அவர் நோன்பாகக் கருதவில்லை. நால்வகை உணவையும் விடுவது உபவாசம், ஒரு வேளை உண்பது புரோஷதம் என்று பிரித்து, ஒரு வேளை உணவோடு இணைந்த பட்டினியையே புரோஷதோபவாசமாக அமைத்தார். உடல் படிப்படியாக இறங்கிப் படிப்படியாக ஏறுவதற்கு அதில் இடமிருக்கிறது.

நுகர்ச்சிக்கு அளவிடும் விரதத்தில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூச்சு, வெற்றிலை, ஆடை, அணி, இசை எனப் பட்டியலிட்டு, இவற்றை இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலவரம்பிட்டு விடலாம் என்று வழிகாட்டுகிறார். காலவரம்புடன் விடுவது நியமம்; வாழ்நாள் முழுதும் விடுவது யமம். கடைக்குச் செல்பவரும் வயலுக்குச் செல்பவரும் அலுவலகம் செல்பவரும் தத்தம் வலிமைக்கு இயன்ற அளவில் தொடங்கத்தக்க ஏணி இது. மயக்கமற்ற இல்லறத்தான் மயக்கமுடைய முனிவனிலும் மேலானவன் என்ற துணிவான கருத்தும் இந்நூலிலேயே உள்ளது. முனிக்கோலத்தை இறக்கி வைத்து வாழ்ந்த நாட்களிலும் நற்காட்சியை இழவாதிருந்த ஒருவருக்கு அவ்வாறு எழுத உரிமை இருந்தது.

பிற்கால ஆசாரியர்கள் அவரைப் போற்றாத நூல் அரிது. 783ஆம் ஆண்டில் அரிவம்ச புராணத்தை முடித்த சினசேனரும், ஆதிபுராணம் பாடிய மற்றொரு சினசேனரும் தம் நூல்களின் தொடக்கத்திலேயே அவரைப் பணிந்தனர். திராவிட சங்கத்து அருங்கலான்வயத்தினர் தம் குருவரிசையில் அவர் பெயரைப் பொறித்தனர்.

பஸ்மக நோயை அவர் வென்றதைக் கல்லில் பொறித்து வைத்திருப்பது சிரவணபெளகொளாவின் மல்லிசேணப் பிரசஸ்தி. சந்திரகிரியில் பார்சுவநாதர் பசதியின் மண்டபத் தூணில் அதனை இன்றும் காணலாம். மல்லிசேண மலதாரி தேவர் என்னும் முனிவர் 1129ஆம் ஆண்டில் சல்லேகனை ஏற்று உடல் நீத்தபோது அவர் நினைவாக எழுப்பப்பட்டது அது. அவருடைய குருமரபைச் சொல்லிவரும் அக்கல்வெட்டு, சந்திரப்பிரபரைத் தம் சொல்லால் அழைத்தவர் என்றும், பஸ்மகத்தைத் தீர்த்துக்கொண்டவர் என்றும் சமந்தபத்திரரை அறிமுகம் செய்துவிட்டுப் பிறகே அவருடைய வாதங்களுக்குச் செல்கிறது.